ஆறாவது குரோமோசோமில் நான் சொன்ன பொய்

நெல்லின் ஆறாவது குரோமோசோமில் அரிசியின் தரத்தைத் தீர்மானிக்கும் புது இடம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு கருத்தரங்கில் பேசினேன். கைதட்டினார்கள். ஆய்வுச் சுருக்கம் கருத்தரங்கத் தொகுப்பில் அச்சாகி, என் பெயர் முதலில் வந்தது. நான் சொன்ன சம்பந்தம் அந்த இடத்துக்கு இல்லை. மேடை ஏறும்போதே அது எனக்குத் தெரியும்.

தெரியாமல் செய்த பிழை என்றால் இவ்வளவு காலம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் தேடியது வெள்ளை வயிற்றுக்கான மரபணு. ஒரு பிடி பச்சரிசியை வெளிச்சத்தில் பரப்பிப் பார்த்தால் நல்ல அரிசி கண்ணாடிபோல ஒளியை உள்ளே விடும். சிலவற்றில் மட்டும் வயிற்றுப் பக்கமோ நடுவிலோ சுண்ணாம்பு வைத்ததுபோல ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். ஆய்வகத்தில் இதைச் சாக்கினஸ் என்போம். மணிக்குள் மாவுச்சத்துத் துகள்கள் இறுக்கமாக அடுக்கப்படாமல் இடையிடையே காற்று நின்றுவிடுவதால் அங்கே ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. அரைவையில் அந்த இடம்தான் முதலில் உடையும். முழு அரிசி குறைந்து குருணை கூடும். வியாபாரி உள்ளங்கையில் நாலு மணியைப் போட்டுப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார்.

நெல்லைப் புழுக்கினால் மாவுச்சத்து வெந்து இளகி இடைவெளி மூடிக்கொள்ளும், திட்டு மறைந்துவிடும். ஒரு அரைவை மில்காரரிடம் என் ஆராய்ச்சியைப் பெருமையாக விளக்கியபோது அவர் சிரித்துக்கொண்டே, "புழுங்கலுக்கு இது ஒரு பிரச்சனையே இல்லையே சார்" என்றார். புழுங்கல் சாதமே தினமும் சாப்பிட்டு வளர்ந்த நான் அதுவரை அதை யோசித்ததில்லை. அந்தக் காலத்தில் நான் எவ்வளவு தூரம் கணினிக்குள்ளேயே வாழ்ந்தேன் என்பதற்கு இதுவே போதும்.

நெல்லின் முழு மரபணுத்தொகையை 1998-இல் தொடங்கிப் பத்து நாடுகள் பங்கு போட்டுக்கொண்டு படித்தார்கள். ஜப்பான் முன்னின்றது. இந்தியாவுக்குப் பதினோராவது குரோமோசோமில் ஒரு பங்கு வந்தது. 2005-இல் முழு வரைபடம் வெளியானது. நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகத்தின் பன்னிரண்டு குரோமோசோம், சுமார் 38.9 கோடி டிஎன்ஏ எழுத்து. 2018-இல் உலகெங்கிலுமிருந்து 3,010 ரகங்களைப் படித்து ஒப்பிட்ட ஆய்வு வந்தது. ரகத்துக்கு ரகம் மாறும் ஒற்றை எழுத்துகள் மட்டுமே 2.9 கோடி கிடைத்தன. என் தலைமுறை ஆராய்ச்சியாளர்களுக்கு அது புதையல். வயலில் இறங்காமலே மரபணு பிடிக்கலாம் என்ற மயக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

மயக்கம் முழுக்கப் பொய்யும் இல்லை. இந்த வழியிலும் இதற்கு முந்தைய கலப்புச் சேர்க்கை வழியிலும் பிடிபட்ட மரபணுக்கள் அழகானவை. சாதம் குழைகிறதா உதிர்கிறதா என்பதில் பெரும்பங்கு வேக்ஸி என்ற ஒரே மரபணுவுக்கு. அமைலோஸ் என்ற நீண்ட மாவுச்சத்துச் சங்கிலியைச் செய்யும் நொதிக்கு அதில்தான் குறிப்பு இருக்கிறது. அதன் முதல் இன்ட்ரானின், அதாவது வெட்டி நீக்க வேண்டிய துண்டின், தொடக்கத்தில் 'ஜி' என்ற எழுத்து 'டி' ஆக மாறிவிட்டால், குறிப்பு சரியாக வெட்டி ஒட்டப்படாமல் நொதி குறையும், அமைலோஸ் குறையும், சாதம் ஒட்டும். ஜப்பான்காரர் குச்சியால் எடுத்துச் சாப்பிடுவதும் நாம் குழம்பு ஊற்றிப் பிசைவதும் பெரிய அளவுக்கு இந்த ஓர் எழுத்தில் நிற்கிறது. பாசுமதியின் வாசனைக்கு எட்டாவது குரோமோசோமில் எட்டு எழுத்து காணாமல்போன ஒரு மரபணு காரணம் என்று 2005-இல் சொன்னார்கள். 2006-இல் ஜிஎஸ்3 வந்தது. 'சி' ஒன்று 'ஏ' ஆனதில் புரதம் பாதியிலேயே நின்றுபோய் அரிசி நீளமாகிவிடுகிறது. வெள்ளை வயிற்றுக்கே 2014-இல் ஐந்தாவது குரோமோசோமில் சாக்5 என்ற மரபணுவைச் சீன விஞ்ஞானிகள் பிடித்தார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொறாமைதான், வேறொன்றுமில்லை.

எங்களிடம் பல நூறு ரகங்கள் கொண்ட ஒரு தொகுதி இருந்தது. பழைய சம்பா வகைகள், வெளியீட்டு ரகங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த சில. ஒவ்வொன்றின் இளம் இலையிலிருந்தும் டிஎன்ஏ எடுத்துப் படிக்க அனுப்பினோம். துண்டு துண்டாக வந்த எழுத்துகளை நிப்பான்பாரே வரைபடத்தின்மேல் பொருத்தினோம். எந்த இடத்தில் எந்த ரகம் வேறுபடுகிறது என்ற பட்டியல் கையில் வந்தது. மறுபக்கம் ஒவ்வொரு ரகத்தின் அரிசியிலும் வெள்ளை வயிறு எவ்வளவு என்ற மதிப்பெண் வேண்டும். இரண்டையும் கணினியிடம் கொடுத்தால், எந்த எழுத்து மாறும்போது மதிப்பெண்ணும் கூடவே மாறுகிறது என்று அது தேடும். ஆய்வகப் பேச்சில் இதற்கு ஜிவாஸ் என்று பெயர். இனக்கலப்பால் வரும் போலித் தொடர்புகளைக் கழிக்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதைக் கவனமாகச் செய்தேன். அதனாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டேன்.

மதிப்பெண் போட்ட பருவம் நவரை. மார்கழியில் நாற்றுவிட்டு, தையில் நட்டு, சித்திரையில் அறுவடை. என் குற்றத்தின் முக்கால்வாசி இந்தக் கால அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது.

அரிசியைத் தோல் நீக்கித் தீட்டி, ஒளிப்பெட்டியின் மேல் பரப்பி, 0, 1, 5, 9 என்று மதிப்பெண் இட வேண்டும். திட்டே இல்லையென்றால் 0, மணியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை என்றால் 9. இதைச் செய்தது பெரும்பாலும் நான் இல்லை. வயல் வேலைக்கும் ஆய்வக வேலைக்கும் சேர்த்துத் தினக்கூலியில் இருந்த ஓர் அக்காதான் செய்தார். பள்ளிப்படிப்போடு நின்றவர், ஆனால் அவர் கண் ஸ்கேனரைவிடத் துல்லியம். அவர் மதிப்பெண்ணையும் கேமரா மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து நானே வியந்திருக்கிறேன்.

ஒருநாள் மாலை தட்டுகளைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்.

"சார், பின்னாடி கதிர் வந்ததெல்லாம்தான் சார் வெள்ளையா இருக்கு. முன்னாடி வந்தது பனியில பால் கட்டிருச்சு. இதெல்லாம் பங்குனி வெயில்ல மாட்டிக்கிச்சு. ரகம் என்ன பண்ணும்?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்க்கா" என்றேன்.

"நான் கதிர் வந்த தேதி எழுதி வெச்சிருக்கேன் சார், வேணும்னா தர்றேன்" என்று பென்சிலால் கோடு போட்ட ஒரு நோட்டை நீட்டினார். பாத்தி எண், கதிர் எட்டிப் பார்த்த தேதி, பாதிக் கதிர் வந்த தேதி. சில வரிகளுக்கு எதிரே 'எலி', 'சாய்ந்தது' என்று குறிப்பு. வாங்கி அலமாரியில் வைத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அலுத்துப்போய் அப்படிச் செய்யவில்லை. எனக்கு அப்போது அது தரவாகவே தெரியவில்லை. எழுத்து எழுத்தாகப் படித்த மரபணுத்தொகை என் கையில் இருக்கிறது, இவர் வெயிலைப் பற்றிப் பேசுகிறாரே என்று ஓர் ஏளனம் உள்ளே இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கணினி படம் வரைந்து கொடுத்தது. ஆறாவது குரோமோசோமில் ஒரே ஒரு சிகரம், மற்ற பதினொன்றும் தரையோடு தரையாக. எழுந்து நின்றேவிட்டேன்.

ஆறாவது குரோமோசோம் என்பது சும்மா இல்லை. வேக்ஸி அங்கேதான், சுமார் 17 லட்சமாவது எழுத்துப் பக்கம். அரிசி எந்த வெப்பத்தில் வேகும் என்பதைத் தீர்மானிக்கும் ஏஎல்கே மரபணுவும் அங்கேதான், 67 லட்சம் பக்கம். என் சிகரம் 93 லட்சத்தை ஒட்டி. தரத்தின் மரபணுக்கள் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு புது வீடு என்று நினைத்தேன். நெல் தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர் என்பதால் பக்கத்துப் பக்கத்து மரபணுக்கள் கூட்டாகவே தலைமுறை தாண்டும். ஒரு சிகரத்தின் அடியில் பல மரபணுக்கள் வந்து மாட்டும். அந்தப் பட்டியலிலிருந்து மாவுச்சத்தோடு எப்படியாவது சம்பந்தப்படுத்தக்கூடிய ஒன்றைப் பொறுக்கி, அதைச் சுற்றிக் கதை கட்டினேன். பொறுக்கினேன் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அதே பட்டியலில் ஹெச்டி1 இருந்தது. நெல் எப்போது கதிர் விட வேண்டும் என்பதைப் பகலின் நீளத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் மரபணு அது. 2000-ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்கள். நெல் மரபியல் படிக்கும் எந்த மாணவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். பட்டியலில் அந்தப் பெயரைக் கண் பார்த்தது, மனம் தாண்டிப் போனது. பகல் குறுகிய நாட்களில் அந்த மரபணு வேலை செய்தால் கதிர் சீக்கிரம் வரும், பழுதானால் தாமதமாகும். நவரையில் தாமதம் என்றால் பங்குனிக் கடைசி வெயிலில் மணி முற்றும். கதிர் வந்த முதல் இருபது நாளில் பகலும் இரவும் சேர்ந்த சராசரி வெப்பம் 26, 27 டிகிரியைத் தாண்டினால் வெள்ளைத் திட்டு கூடும் என்பது ஜப்பானியர் பல ஆண்டு ஆராய்ந்து சொன்னது. வெப்பத்தில் மாவுச்சத்தைக் கட்டும் நொதிகள் சுணங்குகின்றன, அதை உடைக்கும் அமைலேஸ் கூடுகிறது. 2023 கோடை ஜப்பானில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமானதாக இருந்தபோது நீகாதாவின் புகழ்பெற்ற கோஷிஹிகாரி அரிசியில் முதல் தரம் பெற்ற பங்கு படுமோசமாகச் சரிந்ததும் இதே காரணத்தால்தான். அந்த நெல்லின் மரபணு முந்தைய ஆண்டு எதுவோ அதுவேதான்.

ஆக, அக்கா ஒரு வாக்கியத்தில் சொன்னதைத்தான் கணினி பெரிய படமாக வரைந்து தந்திருந்தது. நான் கண்டுபிடித்தது கதிர் வரும் நாளை.

கருத்தரங்குக்குச் சில நாள் முன்பு மன அரிப்பு தாங்காமல் அந்த நோட்டை எடுத்தேன். தேதிகளை வரிசையாகத் தட்டச்சு செய்து, கதிர் வந்த நாளின் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். சிகரம் இல்லை. மற்ற குரோமோசோம்களைப்போல அதுவும் தரையில் கிடந்தது. அறையில் நான் மட்டும்தான். அந்தக் கோப்பை வேறொரு பெயரில், யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குள் போட்டேன்.

காரணம் சொல்லிக்கொள்ள எனக்குப் படிப்பு உதவியது. ஒரே மரபணு பூக்கும் நாளையும் மணியின் தரத்தையும் சேர்த்தே ஆளலாமே, கதிர் வந்த நாளைக் கழித்தால் உண்மையான தொடர்பும் சேர்ந்து போய்விடுமே என்று எனக்கே வாதாடினேன். வாதம் தவறில்லை, அப்படி நடப்பதுண்டு. அப்படியானால் மேடையில் இரண்டு படத்தையும் அல்லவா காட்டியிருக்க வேண்டும்? ஒன்றைத்தான் காட்டினேன். பேச்சு முடிந்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர், "அடுத்த பருவத்தில் ரிப்பீட் ஆகுதா?" என்று கேட்டார். "நவரையில ரொம்ப ஸ்ட்ராங்கா வருது சார்" என்றேன். சம்பாப் பருவத்தில் என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சம்பா மதிப்பெண் அப்போது பாதி வந்திருந்தது. சிகரத்தின் சுவடே இல்லை. பதவி உயர்வுக்கான நேர்காணல் அந்த ஆண்டு. அதுதான் முழுக் காரணம்.

இதுவரை சொன்னது எனக்கு நானே செய்துகொண்டது. அடுத்தது அப்படியல்ல.

அந்தச் சிகரத்தின் ஓர் எழுத்தை வைத்து மார்க்கர் செய்தோம். மார்க்கர் என்றால் நாற்றங்காலிலேயே இலையைக் கிள்ளிப் பார்த்து, எந்த நாற்று நல்ல அரிசி தரும் என்று முன்கூட்டியே சொல்லும் அடையாளம். முனைவர் பட்டத்துக்கு வந்த ஒரு மாணவி அதை நம்பிச் சேர்க்கை செய்தார். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் மார்க்கர் காட்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கி எறிந்தார். சம்பாவில் நட்டார். அவர் தேர்ந்தவை எல்லாம் முந்திக் கதிர் விட்டன. முந்தியதால் வடகிழக்குப் பருவமழையின் இருட்டில், வெயிலே இல்லாத நாட்களில் பால் கட்டின. பிந்தியவை மார்கழியின் இதமான குளிரில் தெளிந்த வெயிலோடு முற்றின. அரைத்துப் பார்த்தால், தேர்ந்தெடுத்த வரிசைகளின் அரிசி பெற்றோரைவிட வெள்ளை.

அந்தத் தட்டுகளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "சார், எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் போல. க்ராஸ் கலந்துருச்சா, லேபிள் மாறிடுச்சான்னு தெரியல. மறுபடி எல்லாத்தையும் செக் பண்றேன் சார்."

தட்டைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. "செக் பண்ணிப் பாரும்மா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை. அவர் லேபிள் ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். சேமித்துவைத்த டிஎன்ஏவை எடுத்து மறுபடி சோதித்தார். தன் கை மீதே சந்தேகம் வந்து, பக்கத்து மேசைக்காரரை வைத்து மீண்டும் செய்யச் சொன்னார். தப்பு கிடைக்கவில்லை, இருந்தால்தானே கிடைக்கும். கடைசியில் அந்த அத்தியாயத்தையே ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டு, வேறொரு சிறிய வேலையை வைத்துப் பட்டம் வாங்கினார். வாய்மொழித் தேர்வில் ஒரு தேர்வாளர் ஆய்வு மெலிவாக இருக்கிறதே என்றபோது நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

அவர் வேறு ஊரில் வேலைக்குப் போய்ச் செட்டிலான பிறகு ஒருநாள் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் பதில் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பவே சொல்லியிருந்தா அதையே ஒரு சாப்டரா எழுதியிருப்பேனே சார். கதிர் வர்ற நாளும் சாக்கினஸும்னு" என்றார். உண்மைதான். எந்தப் பருவத்தில் எந்த நாளில் கதிர் விட்டால் வெள்ளை வயிறு குறையும் என்பது, பருவநிலை இப்படி மாறிக்கொண்டிருக்கும் காலத்தில், நான் தேடிய மரபணுவைவிடப் பயனுள்ள ஆராய்ச்சி. எங்கள் கையிலேயே இருந்தது. புகழுக்காக அதை மறைத்துவைத்து, அவருக்கும் கிடைக்காமல் செய்துவிட்டேன்.

அக்காவிடம் சொல்லப் போனபோது அவர் அங்கே வேலையில் இல்லை. கூலி ஆட்களைக் குறைத்தபோது நிறுத்திவிட்டார்கள். சுருக்கத்தில் அவர் பெயர் நன்றிப் பகுதியில்கூட இல்லை. அவர் கண்ணை நம்பிப் போட்ட மதிப்பெண் அத்தனையும் இருந்தது.

மரபணுத்தொகையைப் படிக்கும் வழியின் மேல் எனக்கு இப்போதும் குறை இல்லை. வேக்ஸியும் ஜிஎஸ்3-உம் உண்மை, அவற்றின் மார்க்கர்கள் வயலில் வேலை செய்கின்றன. அரிசியின் நீளம் பெரும்பாலும் ரகத்தின் குணம், பருவம் மாறினாலும் ரொம்ப ஆடாது. வெள்ளை வயிறு அப்படி இல்லை. பாதி ரகம், பாதி அந்த இருபது நாள் வானிலை. அதை ஒரே பருவத்தில் அளந்துவிட்டு மரபணு என்று பெயர் சூட்டியது என் வேலை. இப்போது ஒளிப்பெட்டியில் உட்காருகிற எந்த மாணவரிடமும் நான் முதலில் கேட்பது கதிர் வந்த தேதி நோட்டைத்தான். அதனால் பழைய கணக்கு நேராகிவிடாது.

திருத்தம் வெளியிடச் சொல்லித் தொகுப்பாசிரியருக்கு எழுதினேன். அச்சான தொகுப்பில் திருத்தம் போடும் வழக்கமில்லை என்று பதில் வந்தது. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறாவது குரோமோசோமில் 93 லட்சமாவது எழுத்துக்கு அருகே, நவரைப் பருவம் ஒன்றின் அளவீட்டை மட்டும் வைத்துச் சொல்லப்பட்ட சாக்கினஸ் மார்க்கர் எதையாவது நீங்கள் சேர்க்கைத் திட்டத்தில் வைத்திருந்தால், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது தேர்ந்தெடுப்பது நல்ல அரிசியை அல்ல, முந்திக் கதிர் விடும் நாற்றை. அந்த நவரையின் கதிர் தேதிகள் முழுவதும் என்னிடம் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு நோட்டைப் படம் எடுத்தே அனுப்புகிறேன்.